சுண்ணாம்பு இடுமுன் மண்ணைக் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன் வன்னியில் ஒரு குடியேற்றக் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு வீட்டின் பின்புறத்தில் இருபது பேர்ச் அளவில் மிளகாய்க் கண்டம். கன்று நட்டு ஆறு கிழமை ஆகியிருந்தது. குருத்திலைகள் எல்லாம் மஞ்சள். நரம்புகள் மாத்திரம் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. வீட்டுக்காரர் மலையகத்தில் பிறந்தவர். 1983 கலவரத்தின் பின் சிறு பையனாகப் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். 2009 இல் முகாமுக்குப் போய், திரும்பி வந்து, பற்றை மூடிக் கிடந்த காணியை மறுபடியும் வெட்டித் துப்புரவாக்கியவர்.

"பசளை போட்டேன் ஐயா, தண்ணியும் குறைவில்ல. நடுறதுக்கு முன்ன நாலு மூடை சுண்ணாம்பும் போட்டேன்" என்றார்.

"சுண்ணாம்பு ஏன் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"அப்பா சொல்லுவாரு, சுண்ணாம்பு போடாம மரக்கறி வராதுன்னு."

அப்பா சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் சொன்னது மலையக மண்ணுக்கு. மகன் நின்றது வேறு மண்ணில். வீட்டில் இருந்த தேசிக்காய் ஒன்றை வெட்டி, ஒரு பிடி மண்ணில் பிழிந்து காட்டினேன். மண் சோடாப் போத்தல் திறந்ததுபோல நுரைத்தது. அந்த நாலு மூடையும் கடன்பட்ட காசில் வாங்கியவை.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் விதையைக் கொண்டு வருகின்றன, மண்வெட்டியைக் கொண்டு வருகின்றன, ஊர்ப் பழக்கத்தையும் கொண்டு வருகின்றன. மண்ணை மட்டும் கொண்டு வர முடியாது. ஆகவே இந்தப் பாடத்தில் சுண்ணாம்பு எப்படி இடுவது என்பதற்கு முன், இடவேண்டுமா என்பதைப் பார்ப்போம்.

மண் ஏன் புளிக்கிறது

சுண்ணாம்பு ஒரு பசளை அல்ல. அதன் முதல் வேலை மண்ணின் அமிலத்தன்மையை, அதாவது புளிப்பை, முறிப்பது. புளிப்பை அளக்கும் அளவுக்கு பீ.எச். என்று பெயர். 7 என்றால் புளிப்புமில்லை, காரமுமில்லை. 7 இற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. மேலே ஏற ஏறக் காரம். ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்காகும். எனவே 5 என்ற மண் 6 என்ற மண்ணைவிடச் 'சற்று' புளித்தது என்று எண்ணிவிடக் கூடாது.

பெரும்பாலான மரக்கறிகளுக்கு 6 முதல் 6.5 வரை பொருத்தம். 5.5 இற்குக் கீழே போனால் மண்ணில் உறங்கிக் கிடக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கத் தொடங்கும். வேர் கட்டையாகி நிற்கும். அப்போது எவ்வளவு பசளை போட்டாலும் எடுத்துக்கொள்ள வேர் இல்லை.

மண் புளிப்பதற்கு முதற் காரணம் மழை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக் கொண்டு போகிறது. இரண்டாவது காரணம் நாம் போடும் நைதரசன் பசளை. 100 கிலோ அமோனியம் சல்பேற்று மண்ணில் உண்டாக்கும் புளிப்பை முறிக்க ஏறக்குறைய 110 கிலோ சுண்ணக்கல் தூள் தேவை. 100 கிலோ யூரியாவுக்கு 80 கிலோவுக்குச் சற்று மேல். மலைநாட்டுத் தேயிலை நிலங்களில் இவ்விரண்டு காரணங்களும் நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. தேயிலை புளித்த மண்ணை விரும்பும் செடி, 4.5 முதல் 5.5 வரை அதற்கு நல்லது. அதே நிலத்தில் கோவாவோ, போஞ்சியோ, பீற்றூட்டோ வைக்கும்போதுதான் சுண்ணாம்பு வேண்டியிருக்கிறது.

எந்த ஊர், எந்த மண்

நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரிப் பக்கங்களில் மழை மிகுந்த சரிவுகளிலுள்ள சிவப்பு மஞ்சள் மண் பெரும்பாலும் 4.5 இற்கும் 5.5 இற்கும் இடையில் நிற்கும். இங்கே மரக்கறிக்குச் சுண்ணாம்பு அவசியம். மண்சரிவால் லயன் அறைகளை விட்டு வேறு சரிவுகளில் புது வீடு பெற்ற குடும்பங்கள் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தைச் சரிவை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். புது வீட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர்ச் நிலம் கிடைத்து, அது பழைய தேயிலை நிலமானால், முதலில் சுண்ணாம்பைத்தான் நினைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கதை முழுதும் மாறும். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததே அந்தக் கல்லுக்காகத்தான். செம்பாட்டு மண் அந்தக் கல்லின் மேல் படுத்திருக்கிறது; சில இடங்களில் ஒரு முழம் வெட்டினாலே கல் தட்டும். கிணற்று நீரும் அந்தக் கல்லினூடாக ஊறி வருவதுதான். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பாருங்கள். அதே தண்ணீரை வெங்காயத்துக்கு இறைக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் சுண்ணாம்பு இட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதற்கு மேல் காசு கொடுத்து வாங்கிப் போட என்ன இருக்கிறது? அங்கே கூடுதலாகப் போட்டால் இரும்பும் நாகமும் வேருக்கு எட்டாமற் போகும். பொசுபரசும் கல்சியத்தோடு கட்டுண்டு போகும்.

வன்னியின் செங்கபில மண் பெரும்பாலும் 6 முதல் 7 வரை நிற்கும். சாதாரணமாகச் சுண்ணாம்பு தேவைப்படாது. மன்னார், முல்லைத்தீவுப் பக்கத்துச் சிவப்பு மஞ்சள் மணற்பாங்கான மண்ணும், மட்டக்களப்பு, அம்பாறையின் கபில மண்ணும் சற்றுப் புளிப்பானவை. அவற்றுக்குச் சில வேளைகளில் கொஞ்சம் வேண்டியிருக்கலாம். பரிசோதனை இல்லாமல் முடிவு செய்யக் கூடாது.

வயல் நிலம் தனி. தண்ணீர் கட்டி நிற்கும்போது புளித்த மண்ணும் சில கிழமைகளில் 7 ஐ நோக்கித் தானாகவே வரும். ஆகவே எங்கள் பகுதி நெல் வயலுக்குச் சுண்ணாம்பு இடும் தேவை மிக அரிது.

உவர் நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசெம்பர் 26 கடற்கோளின் பின் கரையோரத்தில் பலர் கேட்டது, 'உப்புப் பட்ட மண்ணுக்குச் சுண்ணாம்பு போடலாமா' என்று. உப்பு வேறு, புளிப்பு வேறு. உப்பைச் சுண்ணாம்பு எடுக்காது. நல்ல தண்ணீர் மண்ணினூடாக இறங்கி வெளியேறும் வழி இருந்தால் உப்பு போகும். வரம்பு கட்டி மழை நீரைத் தேக்கி, வாய்க்கால் வெட்டி வடிய விடுவதே அதற்கு வைத்தியம். பூநகரிப் பக்கத்து உவர் நிலங்களுக்கும் இதுதான்.

வெள்ளைத் தூளெல்லாம் சுண்ணாம்பு அல்ல

கடையில் சுண்ணாம்பு என்று கேட்டால் மூன்று நான்கு பொருள்கள் வரும். கல்லைச் சூளையில் சுட்டெடுத்தது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து மாவாகும். அது நீற்றிய சுண்ணாம்பு, வெற்றிலைக்கும் சுவருக்கும் பூசுவது. சுடாமல் அரைத்தது சுண்ணக்கல் தூள். டொலமைற் என்பது கல்சியத்தோடு மக்னீசியமும் சேர்ந்த கல்லின் தூள். மாத்தளை, திகனைப் பக்கங்களில் தோண்டப்படுகிறது. மலைநாட்டு மண்ணில் மக்னீசியமும் குறைவாதலால் அங்கே டொலமைற்றே சிறந்தது.

இவற்றின் வலிமை ஒன்றல்ல. 100 கிலோ சுண்ணக்கல் தூள் செய்யும் வேலையை 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு செய்யும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு செய்யும். டொலமைற்றும் சுண்ணக்கல்லும் ஏறக்குறைய ஒன்று. புதிதாகத் தொடங்குவோர் தூளையே வாங்குங்கள். அது மெதுவாக வேலை செய்யும், கன்றைச் சுடாது, கண்ணையும் சுடாது. சுட்ட சுண்ணாம்பு வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். சுட்டதோ நீற்றியதோ கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரை இருபது நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாங்கியது எது என்று அறிய வீட்டிலேயே வழி உண்டு. மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். ஆலாத்தித் தட்டில் காணும் அந்தச் சிவப்பு உடனே வந்தால் அது நீற்றிய சுண்ணாம்பு. சிவக்காமலோ மங்கலாகவோ இருந்து, தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி விட்டதும் நுரைத்தால் அது சுண்ணக்கல் தூள். டொலமைற் மெதுவாக, நின்று நின்று நுரைக்கும். ஒன்றும் நடக்காவிட்டால் அது ஜிப்சமாகவோ வெள்ளைக் களியாகவோ இருக்கலாம். ஜிப்சம் புளிப்பை முறிக்காது. ஆனால் மணற் தரையில் கச்சான் பொக்காகப் போகிறதென்றால், பூக்கும் காலத்தில் அடியில் இடவேண்டியது அதுதான், மண்ணின் பீ.எச். ஐ மாற்றாமல் காய்க்குக் கல்சியம் கொடுக்கும்.

தூள் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு நல்லது. விரலிடையில் உரசினால் மாப்போல இருக்க வேண்டும். குறுணியாக உள்ளது மண்ணில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். முட்டைக்கோதும் சிப்பியும் அப்படித்தான். இடித்து மாவாக்கினால் உதவும், நொறுக்கிப் போட்டால் பார்க்க அழகு, அவ்வளவே.

அடுப்புச் சாம்பலும் ஒருவகைச் சுண்ணாம்புதான். வலிமை அரைவாசிக்கும் குறைவு என்று கொள்ளலாம். பொட்டாசியமும் சேர்ந்து வரும். மலைநாட்டில் இது இலவசச் செல்வம். வரண்ட பகுதியில் தினமும் ஒரே பாத்தியில் கொட்டாமல் பரவலாகத் தூவுங்கள்.

முகாம்களில் கிணற்றுக்குப் போடக் கொடுக்கப்படும் வெள்ளைத் தூளை எக்காரணம் கொண்டும் தோட்டத்தில் போடாதீர்கள். அது குளோரின் தூள். மூக்கைத் துளைக்கும் மணத்தாலேயே அறியலாம். சாக்கில் எழுத்து அழிந்திருந்தால் மணத்தைப் பார்த்தே உள்ளே எடுங்கள்.

மண்ணைக் கேட்கும் முறை

தேசிக்காய்ப் பரிசோதனை ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும். மண் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, இனி வேண்டாம். நுரைக்காவிட்டால் புளிப்பு என்று அர்த்தமில்லை. மேலும் பார்க்க வேண்டும். செம்பரத்தம்பூ இதழைச் சுடுநீரில் ஊறவைத்த சாற்றில் புளித்த பொருள் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சை நோக்கித் திரும்பும். பிள்ளைகளுக்குக் காட்ட இது நல்ல வேடிக்கை. ஆனால் மண்ணின் 5.5 ஐயும் 6.5 ஐயும் அதில் பிரித்தறிய முடியாது.

ஆகவே மாதிரி எடுத்து அனுப்புவதே வழி. தோட்டத்தில் குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில் எடுங்கள். மேற்குப்பையை ஒதுக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவில் குழி வெட்டி, குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண். எரு குவித்த இடம், வரம்போரம், குப்பை எரித்த இடம், மாடு கட்டிய இடம் வேண்டாம். எல்லாவற்றையும் துப்புரவான வாளியில் கலந்து, அதில் அரைக் கிலோ எடுத்து நிழலில் உலர்த்தி, பெயரும் பயிரும் எழுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். பசளை வந்த பையில் மண்ணைப் போட்டுக் கொண்டு போனால் பசளையைத்தான் பரிசோதிப்பார்கள். இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, பலமுறை நடந்திருக்கிறது.

மீளக்குடியேறியோருக்கு இன்னொன்று. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் பலர் 2009 இன் பின் கட்டம் கட்டமாகக் காணிக்குத் திரும்பினார்கள். இன்னும் திரும்பாதோரும் உண்டு. திரும்பிய காணிகளில் பழைய வீட்டுச் சுவர் இடிந்து மண்ணோடு கலந்து கிடக்கும். அந்தச் சாந்தும் சீமெந்தும் சுண்ணாம்புதான். வீடு நின்ற இடத்தில் கத்தரி மஞ்சளாகி, பத்து அடி தள்ளிப் பச்சையாக நின்றால் காரணம் அதுவே. கற்குவியலை அள்ளி ஒதுக்குங்கள், மாதிரியை வேறாக எடுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்பட்ட காணியாக இருந்தால் மாத்திரமே எதையும் கிண்டுங்கள்.

எவ்வளவு, எப்போது

பரிசோதனை சொல்லும் அளவே அளவு. அது கிடைக்கும்வரை, புளிப்பென்று நன்கு தெரிந்த மலைநாட்டு மண்ணில், ஒரு பேர்ச்சுக்கு இரண்டரைக் கிலோ டொலமைற் என்று தொடங்கலாம். பரப்புக் கணக்கில் பார்ப்போருக்கு, பரப்புக்கு 25 கிலோ, அதாவது அரை மூடை. ஏக்கருக்கு 400 கிலோ. மணல் மண் குறைவாகக் கேட்கும். களியும் இலைமக்கும் மிகுந்த மண் அதைவிட இரண்டு மூன்று மடங்கு கேட்கும். ஆனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டாமல் இரண்டு போகங்களாகப் பிரித்துப் போடுவதே பாதுகாப்பு. கூட்டுவது எப்போதும் முடியும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் போடுங்கள். இரண்டு மாதம் கிடைத்தால் இன்னும் நல்லது. மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் சுண்ணாம்பு தூங்கும். காற்றில்லாத காலைப் பொழுதில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, பாதியை நீளவாட்டிலும் மறுபாதியைக் குறுக்குவாட்டிலும் தூவினால் திட்டுத்திட்டாக விழாது. அன்றே மண்வெட்டியால் ஆறு அங்குலம் வரை கொத்திக் கலந்துவிடுங்கள். மேலே கிடக்கும் சுண்ணாம்பு கீழே இறங்க வருடங்கள் ஆகும். சரிவு நிலத்தில் முதல் மழைக்கே அடுத்தவர் காணிக்குப் போய்விடும்.

யூரியா, அமோனியம் சல்பேற்று, பச்சை எரு எதனோடும் சேர்த்துப் போட வேண்டாம். நைதரசன் அமோனியா வாயுவாகிப் பறந்து போகும். அந்தக் காரமான மணம் உங்கள் காசு எரியும் மணம். ஆகக் குறைந்தது இரண்டு கிழமை இடைவெளி விடுங்கள்.

பயிரையும் பாருங்கள். கோவாவில் வேர் வீங்கி முடிச்சு விழும் நோய் கண்ட நிலத்தில் பீ.எச். 7 ஐத் தொடும் அளவுக்கு உயர்த்துவது நோயைக் குறைக்கும். ஆனால் அடுத்த போகம் உருளைக்கிழங்கு என்றால் கவனம். சுண்ணாம்பு கூடிய மண்ணில் கிழங்கின் தோலில் சொறி விழும். மரவள்ளியும் அன்னாசியும் புளித்த மண்ணைத் தாங்கும். கையில் காசில்லாத முதல் வருடத்தில் சுண்ணாம்புக்குக் கடன்படுவதைவிட இவற்றை வைப்பது மேல் என்பது என் எண்ணம்.

மாட்டுக்குப் புல் வளர்க்கும் துண்டையோ, பாடசாலை முற்றத்துப் புற்றரையையோ கொத்திக் கலக்க முடியாது. அங்கே புல்லைக் கட்டையாக வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில், பேர்ச்சுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேற்படாமல் தூவி, தும்புத்தடியால் இலையிலிருந்து தட்டி விடுங்கள். ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் மறுபடியும். இரண்டு மழை விழுந்து இலை கழுவுப்படும்வரை மாட்டை விடாதீர்கள். பாசி பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் சுண்ணாம்பு போட வேண்டாம். பாசி நிழலிலும் நீர் வடியாத இடத்திலும் வரும்.

ஒருமுறை சரிப்படுத்திய நிலத்துக்கு இரண்டு மூன்று வருடம் மறுபடி வேண்டியிராது. வருடா வருடம் பழக்கத்துக்காகப் போடுவதைவிட அந்தக் காசில் மாதிரியை இன்னொரு தடவை அனுப்பலாம்.

மிளகாய்க் கண்டத்துக்காரருக்கு வருவோம். அந்தப் போகம் அவருக்குப் பாதிக் காய்தான் கிடைத்தது. காய் முடிந்ததும் நிலத்தை ஆழமாக உழுது அடி மண்ணை மேல் மண்ணோடு கலக்கச் செய்தோம். இரண்டு மாட்டு வண்டி உக்கிய எருவும் குழையும் தாழ்த்தினார். சாம்பலை அந்தப் பக்கம் கொண்டு போகவில்லை. யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேற்று இட்டார். புளிப்பாக்கும் அதன் குணம் இங்கே உதவிக்கு வந்தது. அடுத்த கன்றுகள் நடுக் கண்டத்தில் மஞ்சளாகவும் ஓரங்களில் பச்சையாகவும் வந்தன. அதற்கடுத்த வருடம் மஞ்சள் ஒரு சிறு திட்டாகச் சுருங்கியிருந்தது.

வாங்கியதில் அரை மூடை சுண்ணாம்பு திண்ணையில் மிஞ்சிக் கிடந்தது. அதை என்ன செய்வது என்று கேட்டார். தண்ணீரில் கரைத்து வீட்டுச் சுவருக்கு அடிக்கச் சொன்னேன். தைப்பொங்கலுக்கு முன் அடித்துவிட்டார்.